சாய்தளம் மட்டும் போதாது: காது கேளாதோரின் கட்டட உரிமை

நுழைவாயிலில் ஒரு சாய்தளம், கழிப்பறையில் ஒரு கைப்பிடி. இவ்விரண்டையும் காட்டி, “மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற கட்டடம்” என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். தீ பரவி அபாய மணி அலறும்போது, தாழிட்ட கழிப்பறைக்குள் இருக்கும் காது கேளாதவருக்கு அது எப்படித் தெரியும்? அனுமதி தரும் அதிகாரியும் இதைக் கேட்பதில்லை, கட்டுபவரும் கேட்பதில்லை.

தேவைகள் எளியவை. அபாய மணியோடு சேர்ந்து மின்னும் விளக்கு வேண்டும், கழிப்பறையிலும் வேண்டும். தங்கும் விடுதியில் தலையணைக்கடியில் அதிரும் கருவி வேண்டும். லிஃப்டில் சிக்கிய காது கேளாதவரால் இன்டர்காமில் பேச முடியாது; உதவி வருவதைக் காட்டும் விளக்கு வேண்டும். மருத்துவமனையில் டோக்கன் எண்ணைக் கூவினால் போதாது, திரையிலும் காட்ட வேண்டும். சைகையில் பேசுவோர் அருகருகே நடக்க அகலமான நடைவழியும் முகம் தெரியும் வெளிச்சமும் வேண்டும். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லாடெட் பல்கலைக்கழகம் 2005 முதல் இத்தகைய கட்டட அமைப்பைத் தனி வடிவமைப்பு முறையாகவே வளர்த்திருக்கிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியோ பணி நிறைவுச் சான்றோ தரக்கூடாது என்கிறது. பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்றியமைக்கச் சொல்கிறது 45ஆம் பிரிவு. அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் செய்ய வேண்டியவை:

1. அரசுக் கட்டடமானால், அனுமதி பெற்ற வரைபடத்தில் ஒளி எச்சரிக்கை உண்டா என்று உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலரிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும்.

2. குறையைப் படம் எடுத்து, தேதியிட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். மனு எண்ணுள்ள ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

3. பயனில்லையென்றால், சென்னையிலுள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். முகவரி, எதிர்த்தரப்பு, குறை, கேட்கும் தீர்வு, முந்தைய ரசீதின் நகல், அடையாள அட்டையின் நகல் ஆகியவை இருக்கட்டும். ஆணையர் பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையையோ மறுத்த காரணத்தையோ தெரிவித்தாக வேண்டும்.

“பார்க்கிறோம்” என்ற வாய்ச்சொல்லை நம்பி வீடு திரும்பாதீர்கள். எழுதிக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். புதுக் கட்டடமானால், மின்கம்பி பதிக்கும் முன்பே ஒளி எச்சரிக்கையைக் கேளுங்கள். பூசி முடித்த சுவரை உடைக்க எந்த உரிமையாளரும் எளிதில் சம்மதிக்கமாட்டார்.