கணினியின் பைத்தானில் கை வைக்காதீர்கள்

போன மாதம் என் அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். உபுண்டு 22.04. டெர்மினல் ஐகானை அழுத்தினால் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. டெர்மினல் மட்டும் திறக்கவில்லை. ப்ராஜெக்டுக்குப் பைத்தான் 3.11 வேண்டும் என்று அதை நிறுவியிருக்கிறான். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ‘பைத்தான்3’ என்ற பெயரையே 3.11 பக்கம் திருப்பிவிட்டான்.

“ஃபார்மட் போட்டுடலாமா மாமா?” என்றான். நண்பர்கள் சொன்ன ஒரே வைத்தியம் அதுதானாம்.

உபுண்டு 22.04-உடன் வருவது பைத்தான் 3.10. நாம் நிரல் எழுதிப் பழகுவதற்காக மட்டும் அதை வைக்கவில்லை. புதிய களஞ்சியம் சேர்க்கும் கட்டளை, தெரியாத கட்டளையை அடித்தால் எந்தப் பேக்கேஜை நிறுவலாம் என்று சொல்லும் கருவி, டெர்மினலைத் திறந்துவிடும் சிறு நிரல் என்று பலவும் அதை நம்பி ஓடுகின்றன. அவற்றுக்கு வேண்டிய சில நூலகங்கள் 3.10-க்கென்றே கம்பைல் செய்யப்பட்டவை. 3.11-ஆல் அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது. ‘ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை’ என்ற பிழை வருவது இதனால்தான். அப்டேட் கொடுக்கும்போதெல்லாம் இந்தப் பிழையைப் பார்த்துச் சலித்து, அப்டேட் செய்வதையே விட்டுவிட்டவர்கள் உண்டு. டெர்மினல் திறக்காததைவிட இது பெரிய ஆபத்து. பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் லாகின் செய்து, எல்என் கட்டளையால் பைத்தான்3 என்ற சிம்லிங்கைப் பழையபடி 3.10-ஐக் காட்டும்படி மாற்றினோம். டெர்மினல் திறந்தது. பையன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. இந்த நிலையில் யாராவது ‘பழைய பைத்தானை நீக்கிவிடு’ என்றால் கேட்காதீர்கள். அதோடு சேர்ந்து டெஸ்க்டாப்பே போய்விடும்.

சூடோ போட்டுப் பிப் இன்ஸ்டால் செய்வதும் இதே வகைத் தவறுதான். அப்படி வரும் புதிய நூலகம் கணினி நம்பியிருக்கும் பழையதை மறைத்துவிடும். அதனால்தான் 2023-இல் வந்த டெபியன் 12-உம் உபுண்டு 23.04-உம் இதைத் தடுத்துவிட்டன. தடையை மீறுவதற்கு ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. கணினியை உடைக்கச் சம்மதம் என்று நாமே எழுதித் தருவது அது.

அப்படியானால் இரண்டு வெர்ஷனை எப்படி வைத்துக்கொள்வது? பக்கத்துப் பக்கத்தில்தான். 3.11-ஐ அதன் முழுப் பெயரிலேயே அழையுங்கள். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ‘வென்வ்’ கொண்டு தனி ஃபோல்டர் உருவாக்குங்கள். நூலகங்கள் அதற்குள்ளேயே இருக்கும், கெட்டுப்போனால் அந்த ஃபோல்டரை அழித்தால் தீர்ந்தது. கல்லூரி லேபில் அட்மின் பாஸ்வேர்டு இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். வென்வும், வேறு பைத்தான் வெர்ஷன்களை நிறுவ உதவும் பைஎன்வும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வேலை செய்யும், சூடோ கேட்காது.

இன்னொரு வெர்ஷனுக்காகப் பிபிஏ எனப்படும் வெளிக் களஞ்சியங்களைச் சேர்க்கும்போது யோசியுங்கள். அதிலிருந்து வரும் பேக்கேஜ் நிறுவப்படும்போது ரூட் அதிகாரத்தோடு ஓடும். புதியது என்றாலே நல்லது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து அதைப் பிடித்தவர் ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர். அன்றைக்குச் சொல்லப்பட்ட பரிகாரம் பழைய பதிப்புக்குத் திரும்புவது. டெபியனின் நிலையான பதிப்பில் இருந்தவர்களுக்கு அந்தச் சிக்கலே வரவில்லை.

அதற்காக ஒரு வெர்ஷனை ‘ஹோல்ட்’ போட்டு நிறுத்திவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஹோல்டில் இருக்கும் பேக்கேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. இன்றைக்கே டெர்மினலில் ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஏன் நிறுத்தினோம் என்று உங்களுக்கே நினைவில்லாத பெயர் ஏதாவது வந்தால், இப்போதே விடுவித்துவிடுங்கள்.