பேச்சின் ஒழுங்கையும் கம்பைலர் பார்க்கட்டும்

வயது வரவேண்டிய இடத்தில் பெயரை எழுதினால் கம்பைலர் அங்கேயே மறித்துவிடும். எந்த மதிப்பு எந்த வகை என்று கணக்கு வைத்துக்கொண்டு, பொருந்தாததை நிரல் ஓடும் முன்பே பிடிக்கிற இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டைப் சிஸ்டம். நிரல் எழுதும் பலருக்கும் பழகிப்போன சௌகரியம்.

ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டு தங்களுக்குள் செய்தி பரிமாறும் இரண்டு நிரல்களிடம் வரும் பிழை வேறு ரகம். அவன் கேட்கட்டும் என்று இவனும், இவன் சொல்லட்டும் என்று அவனும் காத்திருப்பார்கள். எண்ணிலோ பெயரிலோ தப்பில்லை, டைப் எல்லாம் சரி. ஆனால் வேலை நகராது. இதுதான் டெட்லாக். கோ மொழியில், ஒரே நேரத்தில் ஓடும் பகுதிகளான கோரூட்டீன்கள் எல்லாமே இப்படி முடங்கினால், 'எல்லாம் தூங்குகின்றன, டெட்லாக்' என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நிரல் நின்றுவிடும். அதுவும் ஓடவிட்ட பிறகுதான் தெரியவரும். சம்பந்தமில்லாத ஒரு கோரூட்டீன் எங்கேயாவது வேலை செய்துகொண்டிருந்தால் அந்த எச்சரிக்கையும் வராது.

பழைய கணிதம் இங்கே அவ்வளவாக உதவவில்லை. உள்ளே ஒன்றைக் கொடுத்தால் வெளியே ஒன்று வரும் என்ற கணக்கு, முடிவுக்கு வரும் நிரலுக்குப் பொருந்தும். இரவும் பகலும் ஓடும் சர்வருக்கு 'விடை' என்று எதைச் சொல்வது? அது யாரோடு, எந்த வரிசையில் பேசுகிறது என்பதுதான் அதன் நடத்தை. இந்தப் பேச்சையே கணக்காக எழுத டோனி ஹோர் 1978-இல் சி.எஸ்.பி.யையும், ராபின் மில்னர் 1980-இல் சி.சி.எஸ்.ஐயும் தந்தார்கள். இவற்றைத்தான் ப்ராசஸ் கால்குலஸ் என்கிறோம். 'அனுப்பு', 'பெறு', 'இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு', 'அருகருகே ஓடு' என்று கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சில செயல்களே அதன் இலக்கணம்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை உண்டு. எதிரில் இருப்பவர் உண்மையிலேயே அவர்தானா என்று இரண்டு கணினிகள் உறுதிசெய்துகொள்ள, நீடம், ஷ்ரோடர் என்ற இருவர் 1978-இல் ஒரு முறை வகுத்தார்கள். அதன் சாரம் மூன்றே செய்திகள். பதினேழு வருடம் கழித்து, 1995-இல், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கேவின் லோ அதில் ஒரு ஓட்டையைக் காட்டினார். ஒருவர் ஒரு ஏமாற்றுக்காரனோடு நேர்மையாகப் பேசத் தொடங்கினால், அந்தச் செய்திகளை வைத்தே அவன் மூன்றாமவரிடம் போய் இவராக நடிக்கலாம். மறு ஆண்டு அதே முறையை சி.எஸ்.பி.யில் எழுதிச் சோதனைக் கருவியிடம் கொடுத்தபோது, தாக்குதலை அந்தக் கருவியே வரிவரியாகக் காட்டியது. இரண்டாவது செய்தியில் அனுப்புபவரின் பெயரையும் சேர்த்தால் ஓட்டை அடைபட்டுவிடும். மூன்று செய்திக்கே இந்தப் பாடு என்றால், முந்நூறு செய்தி போகும் நம் மென்பொருளைக் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்வதெல்லாம் வெறும் தைரியம்தான்.

மில்னர் அங்கே நிற்கவில்லை. ஜோவாக்கிம் பாரோ, டேவிட் வாக்கர் இருவரோடும் சேர்ந்து 1992-இல் பை கால்குலஸை வெளியிட்டார். அதில், செய்தி போகும் பாதையான சானலின் பெயரையே இன்னொரு சானல் வழியாக அனுப்பலாம். யார் யாரோடு பேசுவது என்பதே ஓட்டத்தின் நடுவில் மாறலாம். எம்.எல். மொழியின் டைப் சிஸ்டத்தைத் தந்தவரும் இதே மில்னர்தான். ஆனால் பேச்சின் வரிசையையே டைப்பாக எழுதும் வழியை 1993-இல் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த கோஹெய் ஹோண்டா. அதற்கு செஷன் டைப் என்று பெயர் நிலைத்தது.

ரயில் டிக்கெட் எடுக்கும் நிரலை எடுத்துக்கொள்வோம். பயணியின் பக்கம் சானலின் டைப் இப்படி இருக்கும்: ரயில் எண்ணை அனுப்பு, கட்டணத்தைப் பெறு, 'சரி' அல்லது 'வேண்டாம்' இரண்டில் ஒன்றைச் சொல், 'சரி' என்றால் கார்டு எண்ணை அனுப்பு, பி.என்.ஆர். பெறு, முடி, 'வேண்டாம்' என்றால் உடனே முடி. சர்வர் பக்கம் இதையே திருப்பிப் போட்டால் போதும். அனுப்பு என்ற இடமெல்லாம் பெறு, பெறு என்ற இடமெல்லாம் அனுப்பு. இரண்டும் இப்படி எதிரெதிராகப் பொருந்துகின்றனவா என்று கம்பைலர் பார்க்கும். கட்டணம் வருமுன் கார்டு எண்ணை அனுப்பினால் பிழை. 'வேண்டாம்' என்ற கிளையை சர்வர் எழுத மறந்தால் பிழை. சானலின் ஒரே முனையை இரண்டு த்ரெட் பிடித்துக்கொண்டால் வரிசை கலைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முனையும் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கலாம் என்பதும் விதி.

'சரி' வந்ததும் சர்வர் அந்த சானலை அப்படியே வங்கியின் நிரலிடம் கொடுத்துவிடலாம். சேவை மையத்தில் நம் அழைப்பை இன்னொருவருக்கு மாற்றிவிடுவார்களே, அது மாதிரி. மிச்சமுள்ள பேச்சுக்கான டைப்பும் கூடவே போகும். பயணியின் நிரலில் ஒரு வரிகூட மாற வேண்டாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டு நிரல்களுக்கு நடுவே இரண்டு சானல்கள் இருக்கட்டும். ஒருவர் முதல் சானலில் பெற்ற பிறகு இரண்டாவதில் அனுப்புகிறார்; மற்றவர் இரண்டாவதில் பெற்ற பிறகு முதலாவதில் அனுப்புகிறார். தனித்தனியே பார்த்தால் இரண்டு சானலின் டைப்பும் கச்சிதம். சேர்த்து ஓடவிட்டால் டெட்லாக். சானல்கள் வட்டமாகச் சுற்றிக்கொள்ளாதபடி கட்டுப்படுத்தினால் இந்தச் சிக்கல் எழாது. லூயிஸ் கைரெஸ், ஃப்ராங்க் ஃபென்னிங் இருவரும் 2010-இல், எடுகோள் ஒவ்வொன்றையும் சரியாக ஒரு முறை மட்டுமே பயன்படுத்தும் நேரியல் தர்க்கத்தோடு இதை முடிச்சுப் போட்டுக் காட்டினார்கள். மூவர், நால்வர் சேர்ந்து பேசும் உரையாடலுக்கு ஹோண்டாவும் நொபுகோ யோஷிதாவும் மார்கோ கார்போனும் 2008-இல் வழி சொன்னார்கள்: முழு உரையாடலையும் ஒரே இடத்தில் எழுது, ஒவ்வொருவர் பங்கையும் அதிலிருந்து பிரித்தெடு.

அன்றாடம் புழங்கும் மொழிகளில் இதில் கால்வாசிதான் வந்து சேர்ந்திருக்கிறது. கோ மொழியின் சானல் சி.எஸ்.பி.யின் வாரிசு. ஆனால் உள்ளே என்ன போகும், எந்தத் திசையில் போகும் என்பதோடு அதன் டைப் நின்றுவிடும், வரிசையைச் சொல்லாது. ரஸ்டில் ஒரு மதிப்பை அனுப்பியவர் அதை மறுபடி தொட முடியாது என்பதால் செஷன் டைப்பை நூலகமாக எழுத முடிகிறது. ஆனால் பேச்சின் நடுவில் சானலைக் கைவிடுவதை அந்த மொழி தடுக்காது. எதிர்முனைக் கணினியில் மின்சாரம் போனால் எந்த டைப்பும் காப்பாற்றாது என்பது வேறு விஷயம்.

மொழிகள் மெல்லத்தான் வரும். அதுவரை, புதிதாக ஒரு சானலைத் திறக்குமுன் இரு பக்கத்துப் பேச்சையும் காகிதத்தில் அருகருகே எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்து 'அனுப்பு'வுக்கு மறுபக்கத்தில் 'பெறு' இல்லாத வரி இருந்தால், பிழை அங்கேதான் இருக்கிறது.