கடைசி வளைவில் அவசரம்

மின்பொறியாளரான கணவரின் வேலையால் நீலகிரியின் குந்தா பக்கம் வாழ நேர்ந்த ராஜம் கிருஷ்ணன், அங்குள்ள படகர் மக்களோடு பழகி எழுதிய நாவல் ‘குறிஞ்சித் தேன்’. 1963-இல் வெளிவந்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியைக் கொண்டு வயதைக் கணக்கிடும் மனிதர்களின் தலைமுறைக் கதை.

முற்பகுதியை இன்று படித்தாலும் எருமைப்பாலின் வாசம் வருகிறது. சிறுவன் ஜோகி, அவன் தந்தை லிங்கையா, ஊட்டிக்கு ஓடிப்போகும் ரங்கன், மனசுக்குள்ளேயே கருகும் பாரு. எவரையும் ஆசிரியர் விரட்டவில்லை. சாமை விளையும் நிலத்தில் ஒரு நாள் எப்படி விடிகிறது என்பதற்கே அத்தனை பொறுமை.

அந்தப் பொறுமை கடைசிப் பகுதியில் காணாமல் போகிறது. தேயிலை வருகிறது, அணை வருகிறது, படித்த பிள்ளைகள் வருகிறார்கள். ஜோகியின் மகன் நஞ்சனும் பகைக் குடும்பத்துக் கிருஷ்ணனின் பேத்தி விஜயாவும் விரும்ப, இரண்டு குடும்பங்களின் நெடுநாள் பகை கரைகிறது. ஒற்றையடிப் பாதையில் கூட நடந்து வந்தவரைக் கடைசிக் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டது போல இருக்கிறது.

பெரிய கதைகளுக்கு இந்தக் குறை புதிதல்ல. ‘பொன்னியின் செல்வ’னின் 293 அத்தியாயங்களில் 91 கடைசியான ஐந்தாம் பாகத்துக்கே போயின. அப்படியும் வாசகர்களுக்கு மனம் ஆறவில்லை. வந்தியத்தேவன் என்னவானான், பூங்குழலி என்னவானாள் என்று கேட்டார்கள். கல்கி தனியே ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று.

அங்கே வாசகர் கேட்டது, அப்புறம் என்ன ஆயிற்று என்று. ‘குறிஞ்சித் தேன்’ படித்தவர் கேட்பது வேறு: இதெல்லாம் எப்படி ஆயிற்று?

சாமை வீட்டு அடுப்புக்கு வந்த தானியம். தேயிலையோ பறித்த அன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டிய இலை; எடை போடுபவரும் விலை சொல்பவரும் வெளியார். ஒரு ஹட்டியின், அதாவது படகர் ஊரின், வாழ்வையே புரட்டிப்போட்ட மாற்றம் இது. எந்த வீட்டில் முதலில் எருமையை விற்றார்கள்? எந்தக் கிழவி சாமைக் காட்டை விடமாட்டேன் என்று நின்றாள்? லிங்கையாவுக்குக் கொடுத்த அளவு பக்கங்கள் இதற்கும் கிடைத்திருக்க வேண்டும். விஷயம் தொலைவில் இல்லை. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை குந்தாவில் தொடங்கியது 1962-இல், நாவல் வருவதற்கு முந்தைய ஆண்டு.

நாவல் அவசரமாகத் தாண்டிய அந்தத் தேயிலையின் கதை பிறகும் தொடர்ந்தது. சோவியத் யூனியன் உடைந்து ஏற்றுமதிச் சந்தை ஆட்டம் கண்டபின், 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. கட்டுப்படியாகும் விலை கேட்டுத் தெருவில் இறங்கியவர்களில் ஜோகியின் பேரன் வயதுக்காரர்கள் பலர் இருந்தார்கள்.