ஒரு ஃபில்டர் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மெர்லிமாவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கார் நின்றது. பானெட் திறந்திருந்தது. சித்தி மகன் தலையை உள்ளே விட்டு, கைப்பேசி விளக்கு வெளிச்சத்தில் ஒரு வயரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"போட்டதையெல்லாம் கழட்டுறேன் அண்ணே."

"இப்பவா? எல்லாம் முடிஞ்ச பிறகா?"

அவன் பதில் சொல்லவில்லை. ஐந்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தப்பாதான் சிரித்தார்.

கதை இதுதான். தம்பிக்கு 26 வயது. ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சின்னக் கார் எடுத்தான். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக வந்த புதுக் கார் அது. அதற்கு முன்பு வந்ததெல்லாம் மூன்றாவது கை, நான்காவது கை. மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸ் பொய்யாத விநாயகர் கோயிலில் பூசை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். மாதத் தவணை 590 வெள்ளி, 9 ஆண்டுகளுக்கு. வாரத்தில் மூன்று நாள் சித்தியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதும் அந்தக் கார்தான்.

எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம் காய்வதற்குள் பையன் ஆன்லைனில் சாமான் வாங்க ஆரம்பித்துவிட்டான். முதலில் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், அடுத்து பம்பரில் எல்இடி விளக்கு, கடைசியாகப் பின்னால் சப்வூஃபரோடு ஓர் ஆம்ப்ளிஃபையர். எல்லாவற்றையும் அவனே மாட்டினான். கடையில் கூலி கேட்கிறார்கள், காணொளியோ இலவசம். கையும் நல்ல கை, அதில் குறை சொல்ல முடியாது.

ஒரு மழை இரவில் பவர் விண்டோ வேலை செய்யவில்லை, மீட்டர் விளக்கு செத்துவிட்டது. அதே வாரத்தில் முன் இடது பக்க அப்சோர்பரில் எண்ணெய் கசிந்தது. இரண்டையும் சேர்த்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனான். "வெளிச் சாமான் பொருத்தப்பட்டுள்ளது, வாரண்டி ரத்து" என்று வாயால் சொல்லி, இரண்டுக்கும் சேர்த்து 3,260 வெள்ளிக்கு விலைப்பட்டியல் நீட்டினார்கள்.

அவர்கள் சொன்னது சரியா? பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் வானொலி நிகழ்ச்சியில் கார் என்று வாயெடுத்தால் அழைப்பு ஓயாது. அதில் இரண்டு கட்சி உண்டு. "ஹார்ன் மாத்தினாலே வாரண்டி காலி" என்று பயப்படுவது ஒன்று. "கழட்டிட்டுக் கொண்டு போனா யாருக்குத் தெரியப் போகுது" என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. இரண்டாவது கட்சிதான் அதிகம் நஷ்டப்படுகிறது.

வாரண்டி என்பது தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்குறுதி. பெரோடுவா, புரோட்டோன் இரண்டும் இன்று 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் தருகின்றன. அலோர் காஜா பெகோவில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹோண்டா, கிலோமீட்டர் வரம்பு இல்லாமல் 5 ஆண்டு தருகிறது. 9 ஆண்டுக் கடனில் முதல் ஐந்து ஆண்டுதான் நிழல், பிறகு வெயில். அந்த நிழலை நாமே ஏன் வெட்டிக்கொள்ள வேண்டும்?

டேஷ்போர்டு பெட்டியில் விபூதிப் பொட்டலத்துக்கும் டோல் ரசீதுக்கும் அடியில் ஒரு புத்தகம் கிடக்கும். வாரண்டி புத்தகம். அதை எடுத்து 'எதற்குப் பொறுப்பில்லை' என்ற பக்கத்தை மட்டும் படியுங்கள். மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ இருக்கும் குறைக்குத்தான் வாரண்டி. அனுமதியில்லாத மாற்றத்தால் வந்த சேதத்துக்கு இல்லை. 'மாற்றத்தால் வந்த சேதம்' என்பது வேறு, 'மாற்றம் செய்த கார்' என்பது வேறு. உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். கவுண்டரில் இருப்பவர் பல நேரம் முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதைச் சொல்கிறார்.

சரி, எந்தச் சாமான் எதைத் தொடுகிறது?

தம்பி போட்ட கூம்பு ஃபில்டரையே எடுத்துக்கொள்வோம். கம்பெனி வைத்த ஃபில்டர் பெட்டி வெளிக்காற்றைக் குழாய் வழியாக இழுக்கிறது. பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பை மாட்டினால் எஞ்சின் அறையின் சூடான காற்றே உள்ளே போகிறது. சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. சத்தம் ஏறும், ஆனால் சக்தி ஏறவேண்டிய அவசியமில்லை. எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டராக இருந்தால், அளவுக்கு மீறிய எண்ணெய் காற்றை அளக்கும் சென்சாரில் படியலாம். சென்சார் போனால் அந்தப் பழி ஃபில்டருக்கு வரும், நியாயமாகவே வரும். ஆனால் அதே கார்க் கதவின் பூட்டு கெட்டால் ஃபில்டரைக் காட்டி மறுக்க முடியாது.

தாழ்த்தும் ஸ்பிரிங் இன்னொரு ரகம். காரின் உயரம் இரண்டு அங்குலம் குறைந்தால் அப்சோர்பர் தன் பாதையின் அடிப்பகுதியிலேயே வேலை செய்கிறது. சீக்கிரம் கசியும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். தோட்டச் சாலைக்குள் போகிறவர்களுக்கு எண்ணெய்ச் சட்டியே தரையில் உரசும். செம்பனை லோரி போன தடத்தில் தாழ்த்திய கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய ரிம் போட்டால் பேரிங்குக்குப் பாரம், டயர் சுற்றளவு மாறினால் மீட்டர் காட்டும் வேகமும் மாறும்.

இசியு எனப்படும் கணினியை மறுநிரல் செய்வதும், டர்போ காரில் அழுத்தத்தைக் கூட்டும் சிறு பெட்டியைச் சொருகுவதும் நேராக எஞ்சின் நெஞ்சில் கை வைப்பது. கழற்றிவிட்டால் தெரியாது என்று நினைக்காதீர்கள். எத்தனை முறை நிரல் மாற்றப்பட்டது என்ற கணக்கைச் சில நிறுவனங்களின் இசியு வைத்திருக்கும். பிஸ்டனோ கியர்பாக்ஸோ போனபின் வாதாட இடமே இருக்காது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் வயர்தான். விளக்கோ ஆம்ப்ளிஃபையரோ சாதுவான சாமான்தான். கம்பெனி வயரைக் கத்தியால் சுரண்டி, இன்னொரு வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றும் பழக்கம்தான் வினை. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், ஃபியூஸ் அளவு பொருந்தாது. தம்பி காரில் நடந்தது அதுதான். மின்சாரக் கோளாறுக்கு வாரண்டி இல்லை என்று சர்வீஸ் சென்டர் சொன்னது சரி.

ஆனால் அப்சோர்பர்? அவன் ஸ்பிரிங்கைத் தொடவில்லை, ரிம்மும் கம்பெனி ரிம். விளக்கு வயருக்கும் அப்சோர்பர் எண்ணெய்க்கும் என்ன சொந்தம்?

இங்கேதான் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உதவிக்கு வருகிறது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதை அதன் 32ஆவது பிரிவு உறுதி செய்கிறது. வாரண்டி புத்தகம் என்ன சொன்னாலும் இந்த உரிமையை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. நியாயமற்ற விதத்தில் பொருளைப் பயன்படுத்தினால் அந்த உரிமை போகும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அப்படிப் பயன்படுத்தாமல் இருந்திருந்தால் பொருள் நன்றாக இருந்திருக்கும் என்ற தொடர்பும் இருக்க வேண்டும். மொத்தத்தில் கேள்வி காரண காரியத்தைப் பற்றியது.

நம் நாட்டில் மட்டும் உள்ள வாதம் இல்லை இது. அமெரிக்காவில் 1975 முதலே இதற்குத் தனிச்சட்டம் உண்டு. இந்தியாவின் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, வெளிப் பட்டறைக்குப் போனதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்தை மட்டும் விலக்கலாம் என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின என்பது தனிக்கதை. பக்கத்துச் சிங்கப்பூரிலும் 2017இல் போட்டி ஆணையம் கேட்டதன்பேரில் பெரிய விற்பனையாளர்கள் இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீக்கினார்கள்.

தம்பியிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. "வாயால சொன்னதை எழுதித் தரச் சொல்லு." எந்தப் பாகம், என்ன கோளாறு, எந்த மாற்றத்தால் அது வந்தது, புத்தகத்தின் எந்த விதி. நான்கு கேள்வி. கோபப்படாமல் மின்னஞ்சலில் கேட்டான். அப்சோர்பர், ஸ்பிரிங், ரிம் எல்லாம் கம்பெனிச் சாமானே என்று காட்டும் படங்களையும், தவறாமல் செய்த சர்வீஸ் ரசீதுகளையும் இணைத்தான். பத்து நாள் கழித்து பதில் வந்தது. அப்சோர்பரை வாரண்டியில் மாற்றித் தருகிறோம், மின்சார வேலைக்கு முடியாது. 2,800 வெள்ளியைக் கையிலிருந்து கட்டினான். தீபாவளிக்கு வைத்திருந்த பணம்.

அவர்கள் மறுத்திருந்தால் அடுத்த படி மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 5 வெள்ளி கட்டணத்தில் முதலாம் பாரத்தை நிரப்பி, 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளுக்குத்தான் அது. வியாபாரத்துக்கு ஓடும் வண்டிக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

வாரண்டியோடு கதை முடிவதில்லை. எஞ்சினையே மாற்றுகிறவர்கள் ஜேபிஜே அனுமதி பெற்று, பரிசோதனையும் செய்து, பதிவு அட்டையைத் திருத்த வேண்டும். காது கிழியும் எக்சோஸுக்குச் சுற்றுச்சூழல் சட்டத்தின் ஒலி விதிகள் காத்திருக்கின்றன. மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு அந்த மௌனம் பேச ஆரம்பிக்கும். ஆசை இருப்பவர்கள் முதலில் கம்பெனியே விற்கும் துணைச்சாமான்களைப் பார்க்கலாம். பெரோடுவாவுக்கு 'கியர் அப்', ஹோண்டாவுக்கு 'மொடுலோ' என்று இருக்கின்றன. விலை கூடுதல்தான். வெளியே வாங்கினாலும், கம்பெனி வயரை வெட்டாமல் செருகும் சாக்கெட்டோடு வரும் சாமானாகப் பாருங்கள். கழற்றிய பழைய சாமானைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் கட்டி வையுங்கள்.

சித்தப்பாவிடம் வருகிறேன். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர் அவர். "எங்க லோரிக்கு ஒரு பல்பு மாத்தினாலும் ஆபிசுல புஸ்தகத்துல எழுதணும்டா. தேதி, மைல், யாரு மாத்துனது. ஒருநாள் பிரேக் போச்சு. யார் மேல தப்புன்னு அந்தப் புஸ்தகம்தான் சொல்லிச்சு. என் மேல இல்லைன்னு" என்றார். வாரண்டி பற்றி நான் படித்ததில் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

பானெட்டை மூடிவிட்டுத் தம்பி வந்து உட்கார்ந்தான். ஒளிப்பதற்காகக் கழற்றவில்லையாம். ஆம்ப்ளிஃபையரை விற்கப்போகிறானாம். ஃபில்டர் இருக்கட்டும் என்றான். பழைய ஃபில்டர் பெட்டி அவன் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. சித்தப்பா உள்ளே போய் ஒரு 555 நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், மளிகைக் கடைக் கடன் எழுதுவோமே, அதே குட்டி நோட்டு. முதல் பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், கழற்றியது, மாட்டியது என்று நான்கு கோடு போட்டு எழுத ஆரம்பித்தான்.

"விலையையும் எழுதுடா" என்றேன்.

உள்ளே சித்தி நடமாடும் சத்தம் கேட்டது. அந்தக் கோட்டை மட்டும் அவன் போடவில்லை.