ஒரு திங்கள் அடைக்கலம்

கொழும்பு மாநகரில் இளவேனில் உண்டோ என்று வினவுவார்க்கு விடை கூறுதல் எளிதன்று. மேல்நாட்டார் வசந்தம் என்று போற்றும் பருவத்திற் பனி உருகி, இலையுதிர்ந்து நின்ற மரங்கள் தளிர்க்கின்றன. நம் நகரின் மரங்களுக்கோ எக்காலமும் பசுமையே. நம் முன்னோர் சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என வகுத்தனர். இங்கு அத்திங்கள்களிற் பிற்பகல் இடியும் மழையும் வந்து போகின்றன. வைகாசியிலே தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கிக்கொண்டு நகருட் புகுகின்றது. ஆயினும் இளவேனில் இங்கும் உண்டு. அதனை நாட்காட்டியில் தேடாது நம் வளவுகளிலே தேடல் வேண்டும். புத்தாண்டு நெருங்கும்போது குயில் கூவத் தொடங்குகின்றது. சிங்கள மக்களும் அக்குரலையே புத்தாண்டின் கட்டியமாகக் கொள்வர். ஈரவலயத்துப் பறவைகளிற் பல, பெருமழை வலுக்குமுன் மக்களை வளர்த்துவிட விரைகின்றன. கொண்டைக்குருவி ஒன்று வாயில் நாருடன் மதிலைக் கடந்து பறக்குமாயின், அதுவே கொழும்பின் இளவேனில் என்க.

வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எஞ்சியுள்ள சிறு வளவுகளைக் கூர்ந்து நோக்குவார் இப்பருவத்தில் வியத்தற்குரிய தொழில்களைக் காணலாம். தையற்சிட்டு தன் அலகையே ஊசியாகக் கொண்டு இலையின் ஓரங்களைத் துளைத்து, பஞ்சாலும் சிலந்திநூலாலும் தைத்துப் பையாக்கி, அதனுள்ளே மெத்தை அமைக்கின்றது. தேன்சிட்டின் பெண், வாசற்பக்கத்துக் கொடியிலோ கயிற்றிலோ சிறு பை ஒன்றைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் வாயில் வைத்து, மழை உட்புகாதபடி அதன்மேல் ஓர் இறவாரமும் இறக்குகின்றது. கூட்டின் புறத்தே மரப்பட்டைத் துணுக்குகளையும் உலர்ந்த குப்பைகளையும் ஒட்டிவைப்பதனால், அதனைக் காண்போர் காற்றிற் சிக்கிய சருகென்றே கருதிக் கடந்து செல்வர். அவ்வாறு கடந்து செல்லல் வேண்டும் என்பதே அப்பறவையின் விருப்பமும்.

கூடு என்னும் பொருளைப் பற்றித் தமிழ்ப் புலவரிடையே பழைய வழக்கொன்று உண்டு. திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில், உடம்பை விட்டு உயிர் நீங்குதலுக்குப் பறவை ஒன்று குடம்பையைத் தனியே விட்டுப் பறந்துபோதல் உவமையாகின்றது. குடம்பை என்பதற்குக் கூடு எனப் பொருள் கொள்வார் ஒரு சாரார். பரிமேலழகர் அதனை மறுத்து, முட்டை என்பர். கூடு பறவையுடன் பிறப்பதன்று. கூட்டை விட்டுப் போன பறவை மீண்டும் அதனுட் புகுவதுமுண்டு. ஆதலாற் கூடு உடம்புக்கு உவமையாகாது என்பது அவர் கருத்து.

சென்ற ஆண்டு நான் இப்பகுதியைக் கற்பித்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, கூட்டை விட்டுப் போன குருவி உண்மையிலேயே திரும்பி வருமா?” என்று கேட்டாள். வெறும் கேள்வியன்று அது. வெள்ளவத்தையில் அவள் குடும்பம் வாழும் தொடர்மாடியின் மூன்றாம் மாடிப் பல்கணியில், குரோட்டன் செடி நின்ற பூச்சாடியிற் கொண்டைக்குருவி இணையொன்று அக்கிழமைதான் கூடு கட்டியிருந்தது. “நூல் கூறும் விடை இருவகைப்படும். குருவி கூறும் விடையை நீ எழுதி வா” என்றேன்.

அவள் நாடோறும் குறித்து வந்தாள். செந்நிறப் புள்ளியிட்ட முட்டை மூன்று. அவற்றுள் ஒன்றைக் காகம் கொண்டு சென்றது. எஞ்சிய இரண்டும் ஏறக்குறைய இரு கிழமையிற் பொரித்தன. அவ்வேளையிற்றான் கட்டடத்துக்கு வெளிப்புறத்தே வண்ணம் பூசும் வேலை தொடங்கிற்று. பூச்சாடிகளை எல்லாம் அகற்றும்படி ஆணை வந்தது. மாணவியின் பாட்டியார் வேலையாட்களின் தலைவரிடம் சென்று, “தம்பி, எங்கட பக்கத்தைக் கடைசியாய் வைச்சுக்கொள்ளுங்கோ. இரண்டு கிழமை பொறுத்தாற் போதும்” என்று கேட்டாராம். அம்மனிதர் சிங்களவர், முதியவர் காட்டிய திசையை நோக்கி, கூட்டைக் கண்டு, மறுசொல்லின்றித் தம் ஏணியை எதிர்ப்புறத்துக்கு மாற்றினார். பன்னிரண்டாம் நாள் குஞ்சுகள் வெளியேறின. தாயும் தந்தையும் அதன்பின் அப்பூச்சாடியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மாணவியின் குறிப்பேட்டைப் படித்தபோது உரைகாரர் இருசாராரும் பறவையை அறிந்தவர் என்பது எனக்குப் புலனாயிற்று. குஞ்சு இருக்கும்வரை அத்தாய் ஒரு நாளிற் பலமுறை கூட்டுக்கு மீண்டது. பரிமேலழகர் கண்டது அது. குஞ்சு பறந்தபின் கூடு தனித்துக் கிடந்தது; ஏனையோர் கண்டது அது. இதனால் விளங்குவது யாது? கூடு பறவையின் வீடு அன்று. பெரும்பாலான பறவைகள் கூட்டில் வாழ்வதில்லை. மக்களைப் பெற்று வளர்த்தற்கு மட்டுமே அதனைக் கொள்கின்றன. இவ்வுண்மையைப் பழந்தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவைத்தது. அச்சொல் ‘ஈனில்’ என்பது. ஈனுதற்குரிய இல் என்று அது விரியும்.

பறவை நூல் என்றவுடன் லெக் என்பார் 1880இல் நிறைவுசெய்த பெருநூலும், கொழும்பு நூதனசாலையிற் பணிபுரிந்த ஹென்றி 1955இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் நம் கற்றோர் நினைவுக்கு வரும். அவை போற்றத்தக்கனவே. ஆயின், நம் குறுந்தொகையையும் அவற்றின் அருகே வைக்கலாம். ஈனில் என்னும் சொல் வரும் இடம் அதன் 85ஆம் பாட்டு. வடம வண்ணக்கன் தாமோதரனார் அதிலே, சூல் முதிர்ந்த தன் பேடைக்காக ஆண்குருவி கரும்பின் பூவைக் கோதி எடுத்துச் செல்வதைக் காட்டுகின்றார். அவ்வாண்குருவி துள்ளித் துள்ளி நடப்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. 46ஆம் பாட்டில் மாமிலாடனார், மனையில் வாழும் அக்குருவி முற்றத்தில் உலரும் தானியத்தை உண்டு, பொதுவிடத்துப் புழுதியிற் குளித்து, வீட்டிறப்பிலே தன் பிள்ளைகளோடு தங்குவதைப் பாடுகின்றார். பிரிந்த தலைவனை எண்ணும் தலைவிக்கு அக்காட்சி துயர் தருகின்றது. அத்துயரைச் சிறிது ஒதுக்கிவைத்து எண்ணிப் பார்த்தால், சிட்டுக்குருவி வாழ வேண்டுவன யாவை என்னும் பட்டியலே அப்பாட்டில் உளது: முற்றத்துத் தானியம், குளிக்கப் புழுதி, ஒதுங்க இறப்பு.

இன்று இம்மூன்றும் எங்கே? தானியம் பொதியில் அடைபட்டு வருகின்றது. புழுதியின்மேற் சீமெந்து படிந்துவிட்டது. இறப்பில்லாத தட்டைக் கூரைகளிலே குருவி நுழைய ஒரு விரற்கடை இடைவெளியுமில்லை. வளர்ந்த குருவி தானியம் தின்னுமாயினும் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியுமே உணவு. பூச்சி வாழச் செடி வேண்டும். கொட்டாஞ்சேனையின் பழைய கடைகளுக்கு முன்னே சிந்திய அரிசியைக் கூட்டங்கூட்டமாய்ப் பொறுக்கிய குருவிகளை என் இளமையிற் கண்டிருக்கின்றேன். இப்பொழுது அவ்வீதிகளிற் காகத்தையும் புறாவையுமே மிகுதியாகக் காண்கின்றேன். அக்குருவிக்கு நம் மக்கள் இட்ட பெயர் அடைக்கலக்குருவி. சுவரில் மட்கலமோ சிறு பெட்டியோ கட்டி அதற்கு இடங்கொடுத்தலும், அது கூடுகட்டும் மனை செழிக்கும் என்று நம்புதலும் தமிழர் சிங்களவர் இருவர்க்கும் உரிய பழக்கங்கள். புகலிடம் தேடி வருவது என்று பெயரிட்டுவிட்டோம். புகலிடத்தையோ பூசி மெழுகி அடைத்துவிட்டோம்.

இதற்காகத் தொடர்மாடிகளைப் பழித்தல் என் நோக்கமன்று. 1983 ஆடியில் வெள்ளவத்தையின் மனைகள் பல தீக்கிரையாயின. அதன்பின் போரினால் வடக்கையும் கிழக்கையும் விட்டுப் பெயர்ந்தோர் பலர் அவ்விடத்தையே நாடினர். மாமரமும் ஈரப்பலாவும் நின்ற வளவுகளில் மாடிகள் எழுந்தன. அவற்றுட் குடிபுகுந்தோரும் அடைக்கலம் தேடி வந்தவரே. ஓர் அடைக்கலத்துக்காக மற்றோர் அடைக்கலம் அழிந்தமை காலத்தின் கொடுமை. ஆயின், இடமிழந்த வேதனையை அறிந்தவர்க்கே இடங்கொடுத்தலின் பெருமையும் விளங்கும்.

இடங்கொடுத்தல் என்றவுடன் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் நினைவுக்கு வருவான். அவன் அருள் பெரிது. எனினும், மயில் போர்வையை உடுக்குமோ? அதனைக் கொடைமடம் என்று புலவர் போற்றினர். பேகனைப் போன்ற வேந்தர் அல்லாத எளிய மக்கள் செய்த கொடையொன்று நம் காலத்தில் உண்டு. தமிழகத்துச் சிவகங்கை மாவட்டத்திற் பொத்தகுடி என்பது ஒரு சிற்றூர். 2020ஆம் ஆண்டில் அவ்வூர்த் தெருவிளக்குகளை ஏற்றும் ஆளிப் பெட்டியினுள்ளே குருவி ஒன்று முட்டையிட்டது. ஊரார் கூடிப் பேசி, குஞ்சு பறக்கும்வரை அவ்வாளியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தனர். ஒரு திங்களுக்கு மேலாகத் தெருக்கள் இருண்டே கிடந்தன. குருவிக்கு வேண்டியது எதுவோ அதனை அறிந்து, அது வேண்டிய நாள்வரைக்கும் கொடுத்தனர். மடம் இல்லாத கொடை அது.

நாம் செய்யத்தக்கனவும் சிலவே. மரக்கிளை வெட்டுமுன் கூடு உண்டோ என்று பார்த்தல். உண்டாயின், குஞ்சு பறக்கும்வரை அரிவாளை ஒதுக்கி வைத்தல். பட்ட கிளையொன்றை, எவர்க்கும் இடரில்லையாயின், குக்குறுவான் குடைந்து கொள்ளுமாறு விட்டுவைத்தல். செவ்வரத்தையோ கொய்யாவோ ஒன்றேனும் நடுதல். கூட்டருகே அடிக்கடி சென்று படம் எடுத்தல் தவிர்க்கத்தக்கது. நம் காலடியைப் பின்பற்றிக் காகமும் பூனையும் வரும். கண்ட இடத்திற் குப்பை எறிவோர், முட்டை கவரும் காகத்துக்கே விருந்து வைக்கின்றனர். இறகு முளைத்த குஞ்சு நிலத்தில் நின்றால் அது அனாதையன்று. தாய் அருகிலிருந்து ஊட்டும். இறகு முளையாத குஞ்சு வீழ்ந்தால் மெல்ல எடுத்துக் கூட்டிலே வைக்கலாம்; மனிதர் கைபட்டதைத் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. பறவைகளிற் பெரும்பாலானவற்றுக்கும் அவற்றின் முட்டைக்கும் கூட்டுக்கும் காப்பாக 1937ஆம் ஆண்டுமுதலே இந்நாட்டிற் சட்டமும் இருக்கின்றது. ஆயினும், வளவினுள்ளே சட்டத்தைவிட வீட்டாரின் மனமே காவல்.

அடைக்கலம் என்பதனை இடங்கொடுத்தல் என்றே நாம் பொருள் கொண்டு வருகின்றோம். கொழும்பில் இடம் அரிது. காணியின் விலையை அறிந்த எவரும் அதனை மறுக்கார். ஆனால், பறவை கேட்பது காணியை அன்று. ஒரு பூச்சாடியின் அகலமும் ஏறக்குறைய ஒரு திங்களுமே அதற்குப் போதும். அத்திங்கள் முடிந்ததும் அது நன்றி சொல்லாமலே பறந்துவிடும். ஈனில் வெறுமையாகி நம் கையில் மீளும். இடமில்லார்க்கும் காலம் உண்டு. அதனைக் கொடுத்தலும் அடைக்கலமே.