பாமினிக் கோப்புகளும் ஒரு தப்பான காப்பி-பேஸ்ட்டும்

இருபது வருஷத்துக்கு முன் எடுத்த நேர்காணல்களை வேர்டில், பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்தேன். பேசியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. கேசட்டுகளும் பூஞ்சை பிடித்துப் போயின. ஆக, மிச்சம் அந்தக் கோப்புகள்தான். யூனிகோடுக்கு மாற்ற உட்கார்ந்து, முதல் நாளே ஒரு கோப்பைக் கெடுத்தேன். அதனால் இந்தக் குறிப்பு.

பாமினியில் 'தமிழ்' என்பது கணினிக்குத் தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அந்த ஆங்கில எழுத்துகளுக்கு எழுத்துரு தமிழ் வேஷம் போட்டுவிடுகிறது. நான் என்ன செய்தேன்? 'வடிவமைப்பு இல்லாமல் ஒட்டு' என்று போட்டேன். வேறு எங்கேயும் நல்ல பழக்கம், இங்கே விஷம். எது பாமினி, எது நிஜ ஆங்கிலம் என்பதற்கு எழுத்துருப் பெயர் ஒன்றுதான் சாட்சி, அது போய்விட்டது. பிறகு மாற்றியபோது, இடையில் இருந்த 'பேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லெல்லாம் 'ியபந' ஆகிவிட்டது! முதலில் மாற்றம், அப்புறம்தான் வெறும் ஒட்டல். மூலக் கோப்பின் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

வேர்டின் தேடி-மாற்றும் பெட்டியில் 'ஃபார்மேட்' வழியாக எழுத்துருவைப் பாமினி என்று கட்டிவிடலாம். மேக்ரோவிலும் இதே நிபந்தனை வைக்கலாம். 'மேட்ச் கேஸ்' கட்டாயம். சின்ன 'என்' ஒற்றைக்கொம்பு, பெரிய 'என்' இரட்டைக்கொம்பு. அதை விட்டால் 'கெ'யும் 'கே'யும் ஒன்றாகிவிடும். (வாக்கிய முதலெழுத்தை வேர்டு தானாகப் பெரிதாக்கி, 'அவர்' என்று அடித்ததை 'ஆவர்' ஆக்கிய கொடுமையும் பழைய கோப்புகளில் உண்டு. அதைக் கண்ணால்தான் பிடிக்கணும்.)

மேக்ரோ எழுதும்போது விபிஏ திருத்தியில் தமிழை நேரடியாக ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். எண்ணாகக் கொடுக்கணும்: 'க' 2965, ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006.

அடுத்தது வரிசை. பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் வரும், யூனிகோடில் பின்னால். 'கொ' மூன்று விசை, 'கெ' இரண்டு. நீளமானதை முதலில் மாற்றணும். 'கெ'யை முதலில் மாற்றினால் 'கொ'விலிருந்த கால் தனியாக நின்று, 2965, 3014, 3006 என்று மூன்று குறிகளாகும். சரியானது 2965, 3018 என்ற இரண்டு. திரையில் ரெண்டும் ஒரே மாதிரி. ஆனால் விபிஏவில் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. 'கொல்லம்பட்டறை' என்று தேடி ஒன்றுமே கிடைக்காமல், அந்தப் பெரியவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நிறையப் பேசியிருக்கிறார்.

மோசமானது ஔகாரம். பாமினியில் 'வௌ'வுக்கும் 'வெள'வுக்கும் ஒரே விசைகள். அதனால் மாற்றிகள் 'வெளி'யை 'வௌி' ஆக்கிவிடும். இணையத்தில் 'வௌியீடு' என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே முடியாது. அதுதான் பிடி. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை இயக்கி, தேட:

ௌ([ா-்])

மாற்ற:

ெள$1

திரையில் கோணல்மாணலாகத் தெரியும், வேலை செய்யும். 'வெள்ளி', 'வெளி', 'வெள்ளை' எல்லாம் ஒரே தட்டில் திரும்பிவிடும். 'மௌனம்', 'கௌரவம்' மாதிரி பின்னால் குறி வராதவற்றை இது தொடாது. அப்படி நிற்பவற்றை மட்டும் தனியாகத் தேடி ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஒரு கோப்புக்குப் பத்துக்குள்தான் வருகிறது.

கெடுத்த அந்த முதல் கோப்புக்கு, அதிர்ஷ்டவசமாக, பழைய சீடி ஒன்றில் நகல் இருந்தது.