அழாத குழந்தைகள்

பிள்ளைத்தமிழின் பருவங்களைக் கவனித்திருப்பீர்கள். தலை நிமிர்த்தி ஆடச் சொல்வது செங்கீரை. கை கொட்டச் சொல்வது சப்பாணி. தளர்நடை போடும் பிள்ளையை ‘வா’ என்று அழைப்பது வருகை. குழந்தை மருத்துவர்கள் இன்று பார்க்கும் வளர்ச்சிப் படிகளுக்கு மிக நெருக்கமானவை இவை. இவற்றில் எதிலும் பிள்ளை தனியாக இல்லை. ஆடு என்று சொல்லவும், வா என்று கை நீட்டவும் எதிரே ஒருவர் இருக்கிறார்.

அப்படி ஒருவர் இல்லாமலே பிள்ளைகள் வளர்ந்த இடம் ருமேனியா. மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக, அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க வழியற்ற குடும்பங்கள் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989இல் அவரது ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். பால் கிடைத்தது, உடை கிடைத்தது. தூக்கிக் கொஞ்ச ஆளில்லை. உள்ளே போனவர்களை உலுக்கியது நிசப்தம். அழுதாலும் யாரும் வரமாட்டார்கள் என்று அறிந்துகொண்ட குழந்தைகள் அழுவதையே விட்டிருந்தார்கள்.

2000இல் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புகாரெஸ்ட்டின் இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மீதிப் பேர் இல்லத்திலேயே இருந்தார்கள். நினைத்தால் மனம் உறுத்துகிறது. ஆனால் அந்நகரில் அன்று வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அநேகமாக இல்லை; ஆய்வாளர்கள்தான் அதை உருவாக்கினார்கள்.

இல்லத்தில் இருந்தவர்களுக்குப் பேச்சும் அறிவுத்திறனும் பின்தங்கின. மூளை மின்னலைகளும் வலுவிழந்திருந்தன. இரண்டு வயதுக்குள் ஒரு மடி கிடைத்தவர்களின் மூளை அலைகளோ, எட்டு வயதில், பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன!

பன்னிரண்டு வயதை ஒட்டி இன்னொரு சோதனை. பிறர் முன்னால் பேசச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் நெஞ்சு படபடக்கும், அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் சுரக்கும். இல்லத்தில் வளர்ந்தவர்களிடம் அந்த எழுச்சி மங்கியிருந்தது. தொட்டிலில் ஓய்ந்த அழுகை உடலுக்குள்ளும் ஓய்ந்துபோயிருந்தது.

அடிபட்டு வளரும் பிள்ளைகளிடம் நடப்பது வேறு. ஒரு முகத்தில் கோபம் முழுதாகத் தெரியும் முன்பே அவர்கள் அதைக் கண்டுகொள்கிறார்கள் என்று காட்டினார் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் செத் போலக். வீட்டில் உயிர்காத்த அந்தக் கூர்மை வகுப்பறையில் பகையாகிறது. ஆசிரியர் சும்மா புருவம் சுருக்கினாலும் உடல் சண்டைக்குத் தயாராகிவிடும். பதின்வயதில் இதை நாம் திமிர் என்கிறோம். பதற்றமும் மனச்சோர்வும் அதன் அடியில் இருக்கக்கூடும்.

மீண்டும் ருமேனியாவுக்கு வருவோம். கடும் குறைபாடு உள்ளவர்களைத் தவிர, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதை அந்நாடு 2005இல் சட்டத்தால் தடுத்தது.

நம் தெருவிலும் ‘ரொம்ப சாது’ என்று பேர் வாங்கிய ஒரு பிள்ளை இருக்கலாம். ஒருமுறை அருகில் போய்ப் பேசிப் பாருங்கள். ஏதோ சரியில்லை என்று பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். இரவானாலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.